மணிக்கட்டில் விளைந்த கல்கண்டு

இன்று காலை அடுப்பில் பால் பொங்கிக் கரிந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். போன வாரம் சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டில், உன் சூடு ஆறாத சாம்பலில் பால் ஊற்றியபோது எழுந்த அதே வாடை.

போன சாரல் பருவத்தில் ஐந்தருவிப் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். மாவுக்கட்டோடு உட்கார்ந்து, "ஏட்டி, ஊருக்கெல்லாம் எலும்புப் பாடம் எடுக்கியே. என் எலும்பு எப்படி ஒட்டும்னு சொல்லேன்" என்று சீண்டினாய். சொன்னேன்: முதலில் நார் போல ஒரு புரதப் பின்னல் உண்டாகும். பிறகு ரத்தத்தில் வரும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் அந்த நாருக்குள்ளும் இடையிலும் மிக நுண்ணிய படிகங்களாக உறையும்.

"கல்கண்டுக்கு நூல் கட்டுவாவல்லா, அது மாதிரியா?"

"கல்கண்டு வளந்துகிட்டே போகும். இத உடம்பு பெருசாக விடாது. பொடிசா இருந்தாத்தான் எலும்பு சட்டுனு நொறுங்காது."

"அப்ப என் கைக்குள்ள பொடிக் கல்கண்டு வெளையுது!" என்று மகளைக் கூப்பிட்டாய். "ஏட்டி, இன்னொரு தம்ளர் பால் கொண்டா. கல்கண்டுக்குப் பத்தலையாம்."

அவள் தினமும் காய்ச்சிக் கொடுத்தாள். கை கூடிவிட்டது. நெஞ்சுதான் திடீரென்று நின்றுபோனது.

எரித்த மறுநாள், காடேத்தன்று எலும்பு பொறுக்க ஆண்கள்தான் போவார்கள். உன் ஒரே பிள்ளை, தானே பொறுக்குவேன் என்று நின்றாள்; துணைக்கு உன் தோழியான என்னையும் அழைத்தாள். சடங்கில் நம்பிக்கை இல்லாத நான் அவளுக்காகப் போனேன். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து, "சித்தி, இது அம்மா ஒடச்ச கையா?" என்று கேட்டாள்.

"சொல்ல முடியாது. தீயில் படிகங்கள் பெரிதாகிவிடும். எலும்பு சுருங்கி வெடித்துவிடும். அடையாளம் மிஞ்சாது." வகுப்பில் பேசுகிற அதே குரல்.

"ஏம்மா, கிளாஸ் எடுக்க எடமா இது?" என்றார் உன் அண்ணன். அவள் துண்டைக் கலயத்தில் போட்டாள். பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் இன்னும் கூசுகிறது. அவளுக்கான பதிலும் அதே பாடத்தில் இருந்தது. தீ நாரைத்தான் எரித்தது, சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. "எது கை என்று தெரியவில்லை. ஆனால் நீ காய்ச்சிக் கொடுத்த பால் இதில் இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. எலும்பின் மேல் அவள் பால் ஊற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன்.

பதினாறாம் நாளுக்கு உன் வீட்டுக்கு, இலத்தூர் வருகிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறேன். உன் மகள் தம்ளரை நீட்டி, "குடிங்க சித்தி" என்பாள். வாங்கிக்கொள்வேன். சொல்ல வாய் வருமா, தெரியவில்லை.