போடாத ஊசி

செவ்வாய்க்கிழமை, இரவு

கல்வராயன் மலையிலிருந்து மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்த அந்த அம்மா சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வலிப்பு வராமலிருக்கப் போடும் ஊசியைப் போட்டாயிற்று என்று மதியம் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இன்னும் போடலீங்களே டாக்டரம்மா. நின்னுக்கினே தூங்கிட்டீங்க."

போட்டேனே! பஞ்சால் துடைத்தது, அந்தப் பெண் முகம் சுளித்தது, ஜன்னலில் மலை நீலமாக மிதந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் உண்டு. மருந்துக் குப்பி உடைக்கப்படாமல் தட்டிலேயே கிடந்தது. பிறகுதான் போட்டேன். பெண் நன்றாக இருக்கிறாள்.

"நேத்து காலைல பார்த்த மொகம். உங்கள வூட்டுக்கு அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அனுப்பிவிட்டார்கள். பயிற்சி டாக்டர்களுக்கு நேர வரம்பு இருக்கிறது. இன்று காலை எட்டு மணிக்கே, எல்லோரையும் போல, பணி முடிந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினேன்.

பதிவேட்டின்படி மதியம் நான் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தேன். இன்று நான் கையெழுத்திட்டவற்றில் பாதியாவது உண்மையானது அது ஒன்றுதான்.