ஒரே கணக்கில் பன்னிரண்டு பேர்

நெடுந்தீவு மேற்கு
14.09.2025

அன்புள்ள நிதர்சன் அண்ணைக்கு,

நிலுஷா அக்காவை வீட்டுக்குள் அடைத்து வைத்தது நீங்கள்தான். கதவைச் சாத்தியது அவவின் புருஷன் சுஜிதன். ஆனால் சாத்துவதற்குக் காரணத்தைக் கையில் கொடுத்தது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற நீங்கள். சுகம் விசாரிக்கிற வரிகள் பின்னால் வரும். இதை முதலில் எழுதாவிட்டால் அம்மாவின் முழங்காலில் தொடங்கி, தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறியில் முடித்து, இதை வழமைபோல விழுங்கிவிடுவேன்.

இரண்டு குரல் பதிவு அனுப்பினேன். நீங்கள் கேட்டதற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். அங்கே எங்கட ஊர்க்காரர் நடத்துகிற உங்கள் நண்பர் வட்டத்தின் ஆண்டு மலரில் போடக் கையெழுத்தில் ஓர் அறிக்கை வேண்டும் என்று கேட்டதும் நீங்கள்தானே. நிறைய வாசிக்கிறவர்களுக்கு மின்நூல் கருவி வாங்கிக் கொடுப்பது பிரயோசனமா, வாசிகசாலைப் பொறுப்பாளர் என்ற முறையில் எழுது என்றீர்கள். இன்னும் ஐம்பது வாங்கப் போகிறோம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த அறிக்கையும் இதற்குள்தான் இருக்கிறது.

நல்லதை மறைக்கமாட்டேன். நீங்கள் முதலில் அனுப்பிய பன்னிரண்டு கருவிகளும் மார்ச்சில் வந்தன. இங்கே எல்லாரும் அதைச் சிலேட்டு என்கிறார்கள். வெளி வெயிலில் வைத்து வாசித்தாலும் கண் கூசுவதில்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் மூன்று கிழமை நிற்கிறது. மின்சாரம் தன் எண்ணத்துக்குப் போய்வருகிற இந்தத் தீவில் அது சின்ன விஷயம் இல்லை. கதிர்காமு ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. நாலு வருஷமாகப் பத்திரிகைத் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்தவர். இப்போது ஒரு பக்கத்தில் இருபது சொல் வருகிற அளவுக்கு எழுத்தைப் பெருப்பித்துவிட்டு, மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டே நாவல் வாசிக்கிறார். அவரைப் போல ஒருவருக்கு வாங்கலாமா என்றால், யோசிக்காமல் வாங்குங்கள்.

ஆனால் அதில் தமிழில் கிடைப்பது கொஞ்சம். எங்கட பக்கத்து எழுத்து அதிலும் கொஞ்சம். கிறேசம்மா அக்கா மூன்று மாதத்தில் உள்ளதெல்லாவற்றையும் முடித்துவிட்டு, பானையைத் தந்திட்டியள், சோறு எங்கை பிள்ளை என்று கேட்கிறா. வாசிகசாலை அலுமாரியில் இருக்கிற அரைவாசி, கரையான் தின்றது போக மிச்சம், எந்தக் கருவியிலும் இல்லை.

இவையெல்லாம் பொறுக்கக்கூடிய குறைகள். பொறுக்க ஏலாதது நீங்கள் செய்த வேலை. பன்னிரண்டையும் உங்கள் பெயரில் ஒரே கணக்கில் பதிந்து அனுப்பினீர்கள். ஒரு புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் பன்னிரண்டு பேரும் வாசிக்கலாம் என்ற கெட்டித்தனம். அது என்ன செய்யும் என்று முதல் கிழமையே தெரிந்தது. கதிர்காமு ஐயா நாற்பதாம் பக்கத்தில் விட்டுவிட்டு மாடு பார்க்கப் போவார். வந்து திறந்தால் இருநூறாம் பக்கம் நிற்கும், ஏனென்றால் கிறேசம்மா அக்கா அங்கே நிற்கிறா. ஒருநாள் காலை வாசிகசாலை வாசலில் நின்று, இந்த மனுசி என்ர பக்கத்தைப் பிரட்டிப்போட்டுது, கொலை செய்தவன் ஆரெண்டு எனக்கு முதலே தெரிஞ்சு போச்சு என்று சத்தம் போட்டார். ஓமோம், மதில் ஏறி வந்து உங்கட சிலேட்டைப் பிரட்டினனான், எனக்கு வேற வேலை இல்லைத்தானே என்றா கிறேசம்மா அக்கா. எல்லாரும் சிரித்தோம். பக்கம் பாய்கிறதென்றால் வேறு என்னவெல்லாம் பாயும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். உங்களுக்கு எழுதினேன். சின்ன விஷயம், பழகிவிடும் என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஊரை விட்டுப் போகும்வரைக்கும் நீங்கள் வாசிகசாலைக்குள் கால் வைத்தவர் இல்லையே. திரும்பி வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் அலுமாரியில் வைக்க முன்னர் நான் பக்கம் பக்கமாகப் பிரட்டுவேன். மேசை லாச்சிக்குள் அழிறப்பர் இருக்கிறது. பென்சில் கோடு, ஓரத்தில் எழுதியது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பேன். எனக்கு முதல் இருந்த அன்ரனிட்டா ரீச்சரும் இப்படித்தான் செய்தவ. இது ஊரில் வாசிக்கிற பெண்களுக்குத் தெரியும். அதனாலேயே பென்சிலோடு வாசிக்கிறார்கள். வீட்டில் ஒரு கொப்பி வைத்து எழுதினால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். புத்தகத்தின் ஓரத்தில் எழுதினால் நான் ஒருத்தி வாசிப்பேன், அழிப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். மாமியாரைப் பற்றி, காணாமல் போன தம்பியைப் பற்றி, சும்மா சலிப்பைப் பற்றி, என்னவெல்லாமோ வரும். ஐந்து வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் பேசியதில்லை.

சிலேட்டை வாங்கின அன்றைக்கு நிலுஷா அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதிலை எழுதினா ஆரும் பார்ப்பினமோ என்றா. நான் உங்களிடம் கேட்டேன். அவரவருடையது அவரவருக்குத்தான் என்று பதில் போட்டீர்கள். நான் போய், ஆரும் பார்க்கமாட்டினம் அக்கா, எழுதுங்கோ என்றேன். அந்தச் சொல் என்னுடையது. அதை உங்கள் தலையில் போடமாட்டேன்.

ஒரு நாவலில், வீட்டை விட்டுப் போகிற ஒரு பெண்ணைப் பற்றிய பக்கத்தில் அவ எழுதியது இரண்டு வரி. நானும் ஒருநாள் காலைப் படகில் ஏறலாம், ஷாருஜனுக்கு ஆறு வயதாகட்டும். அவ்வளவுதான். அது உங்கள் கணக்கில் வந்து விழுந்தது. நீங்கள் அதைப் படமெடுத்து, சுற்றிவரப் பூப்போட்டு, எமது கருவிகள் தூண்டிய சிந்தனை, ஒரு தீவக வாசகியின் குரல் என்று எழுதி நண்பர் வட்டத்தின் பக்கத்தில் போட்டீர்கள். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். ஷாருஜன் என்பது கதையில் வருகிற பிள்ளை என்று நினைத்தீர்களா? அந்த நாவலை ஒருமுறை வாசித்திருந்தால் அதில் அப்படி ஒருவரும் இல்லை என்று தெரிந்திருக்கும். பன்னிரண்டு பேரை வாசிக்க வைக்க வெளிக்கிட்டவர் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. இங்கே ஷாருஜன் என்று இருக்கிறது ஒரே ஒரு பிள்ளைதான். அது யாருடைய பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும்.

சுஜிதனுக்குப் படகில் வேலை. மாவிலித்துறையில் நின்று, ஏறுகிறவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதுகிறவர். பாரிசில் இருக்கிற சொந்தக்காரன் ஒருவன் அனுப்பிய படத்தை அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்திருக்கிறார். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஊர் நாலு கேள்வி கேட்டிருக்கும். அடுத்த நாள் தானே வாசிகசாலைக்கு வந்து, சிலேட்டைத் துணியால் துடைத்து மேசையில் வைத்து, இவவுக்கு இனி வாசிக்க நேரம் இல்லைத் தங்கச்சி, வேற ஆருக்கும் குடுங்கோ என்று சிரித்தபடி சொன்னார். அவவின் போனும் அடையாள அட்டையும் இப்போது அவருடைய சட்டைப் பையில். பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிப் போவது மாமியார்.

அம்மா நீங்கள் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறா. நடக்கிறா, ஆனால் கோயிலுக்கு ஓட்டோ வேண்டும் என்கிறா. அப்பா கடலுக்குப் போவதைக் குறைத்துவிட்டார். கிணறு இந்த முறையும் ஆவணியோடு உவர்த்துப் போனது. பவுசர் வராத நாளில் எல்லாரும் ஒரே குழாயடியில் நிற்கிறோம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் படத்தை வட்டத்தின் பக்கத்திலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். மற்றது, உங்கள் வட்டத்தின் தலைவர் தியாகலிங்கம் சுஜிதனுக்குத் தாய்மாமன். படகில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த ஒருவருடைய சொல்லைத்தான் சுஜிதன் தட்டமாட்டார். அவரை ஒருமுறை இங்கே கதைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
உங்கள் தங்கை
அனோஜினி


நெடுந்தீவு மேற்கு
28.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. படத்தை எடுத்துவிட்டீர்கள், நன்றி. எடுத்த இடத்தில் ஐம்பது புதுக் கருவிகள் பற்றிய அறிவித்தல் நிற்கிறது. இரண்டாவது வரியைப் பலமுறை வாசித்தேன். இது குடும்பப் பிரச்சினை, வட்டம் தலையிட ஏலாது, அறிக்கையை முப்பதாம் திகதிக்குள் அனுப்பு என்கிறீர்கள்.

குடும்பப் பிரச்சினைதான். முந்நூறு பேருக்குக் காட்டினபோது மட்டும் அது வாசகர் அனுபவமாக இருந்தது.

அறிக்கைக்கு வேண்டிய புது விபரம் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்பது திரும்பி வந்துவிட்டன. வெளியில் நிற்கிற மூன்றும் ஆண்களுடையவை. பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லை. கிறேசம்மா அக்கா மட்டும் கண் நோகுது பிள்ளை என்றா. அவவுக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. அதுபோகட்டும், கடதாசிப் புத்தகங்களும் இப்போது வெறுமையாகத்தான் திரும்பி வருகின்றன. இரண்டு கிழமையாக அழிப்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. உங்களை அவர்களுக்குத் தெரியாது, அண்ணை. அவர்கள் நம்பாமல் விட்டது என்னை.

வாங்கலாமா என்ற கேள்விக்கு இன்னமும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். கருவியில் பிழை இல்லை. ஐம்பது பேர் என்றால் ஐம்பது கணக்கு. அது முடியாதென்றால் ஒன்றும் அனுப்பாதீர்கள். நாங்கள் கரையான் தின்ற மிச்சத்தை வாசிக்கிறோம். இதை மலரில் போடுங்கள். போடமாட்டீர்கள்.

புதன்கிழமை குழாயடியில் நிலுஷா அக்காவைக் கண்டேன். மெலிந்துபோனா. மாமியார் பத்தடி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. வாளி நிறைவதைப் பார்த்தபடி கதைத்தா. நான் போறதுக்காக எழுதேல்லைத் தங்கச்சி என்றா. எழுதிப்போட்டா அண்டைக்குப் போகத் தேவை இல்லை, அப்பிடித்தான் இவ்வளவு வருசமும் இருந்தனான். பிறகு வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இப்ப போகத்தான் வேணும் என்றா. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தா. அது ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

அவவின் தாய் யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. மகளையும் பேரனையும் வைத்திருக்க அங்கே இடமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். எப்படிக் கூட்டிப் போவது? தீவை விட்டுப் போக வழி ஒன்றுதான். அந்த வழியில் பெயர் எழுதுகிறவர் அவவின் புருஷன். மற்றப் படகுக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அவையள் எல்லாரும் நல்ல மனிதர்கள், எங்களுக்கேன் புருஷன் பெண்சாதியின் பிரச்சினை என்று ஒதுங்குகிற நல்ல மனிதர்கள். உங்களைப் போல.

தியாகலிங்கம் உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கிறார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான், அதுவும் எனக்குத் தெரியும். அவர் முன்னால் போய் நின்று, உங்கட மருமகனின் மனுசி எழுதினதை நான்தான் படமெடுத்துப் போட்டனான் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படுங்கள். அவ குழாயடியில் பத்தடிக்குள் நிற்கிறா.

அம்மா பக்கத்தில் இருந்து, பிள்ளை சுகமாக இருக்கவேணும், மாதா உன்னைக் கைவிடமாட்டா எண்டு அண்ணைக்கு எழுது, கோபிக்காமல் எழுது எண்டு சொல்கிறா. அவ சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கோபிக்காமல் எழுத எனக்கு ஏலவில்லை.

தியாகலிங்கம் சுஜிதனோடு கதைக்க வேண்டும். அவவின் அடையாள அட்டையைக் கையில் கொடுத்து, அவவையும் பிள்ளையையும் தாய் வீட்டுக்குப் போகவிடு என்று சொல்ல வேண்டும். மாரி தொடங்கினால் படகு ஒழுங்காக ஓடாது, அதற்கு முன்னர் சொல்ல வேண்டும். நீங்கள் இன்றைக்கே போய் அவரிடம் கேட்பீர்களா, மாட்டீர்களா? எனக்குக் காரணம் வேண்டாம். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதுங்கள்.

அனோஜினி