லோஷினியின் கை நின்ற இடம்

ஜூலை 6, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமலே போனது.

இந்தக் கோணல் எழுத்துக்கு முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்பது? படித்துத் தடுமாறப் போவதும் நான்தான். வரி மேலே ஏறுகிறது, பிறகு சரிகிறது. அழுத்திய அழுத்தில் அடுத்த பக்கத்திலும் பள்ளம். முப்பது வருஷம் துறைமுகத்தில் லோரிக்கு மூட்டை ஏற்றிய கை. பேனா அதற்கு எடை போதவில்லை போல. போன வருஷம் வரை கைநாட்டு. இப்போது கிள்ளான் கோயில் மண்டபத்து வகுப்பில் எட்டு மாதம்.

வகுப்பு டீச்சர் சொன்னது: "தினமும் கொஞ்சம் எழுதுங்க ஐயா. என்ன வேணாலும் எழுதுங்க."

என்ன வேணாலும் என்றால் எனக்கு லோஷினிதான். பேத்தி, வயது 13. ஸ்கூல் சாஃப்ட்பால் டீமில் பிட்சர். பந்து போடுகிறவள். கையைத் தலைக்கு மேலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் விட வேண்டும்.

மா. 6 (மாலை என்று முழுசாக எழுத நேரமாகிறது, இனி மா. போதும்): பண்டமாரான் ஃப்ளாட்டுக்குப் பின்னால் கார் பார்க்கில் பயிற்சி. நாற்பது அடி தூரம். நான் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கிளவ் மாட்டிப் பிடிக்கிறேன். 40 பந்து. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் பிடித்தது 31. இதுவரை சுவரில் கோடு போட்டுத்தான் கணக்கு. இன்று பெயரோடு: லோஷினி 31. எழுதிவிட்டு நாலு தடவை படித்தேன்.

கீழ்வீட்டு முனியாண்டி சிகரெட்டோடு வந்து நின்றான். "என்னாண்ணே, பேத்தி எறியுது, நீங்க பொறுக்குறீங்க. நல்ல வேலையா இருக்கே."

"உனக்குப் பொறாம லா."

ஜூலை 8, செவ்வாய்

வெயில். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

லோஷினி சொல்லச் சொல்ல எழுதினேன். கோச் அஸ்மா சொல்லிக் கொடுத்தவை:

1. விரல் நுனி பந்தின் தையல் மேல்.
2. கை முழு வட்டம். நடுவில் நிற்கக் கூடாது.
3. காலடி நீளமாக. பின்னங்கால் விரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வர வேண்டும். தூக்கினால் தப்பு.
4. முன்கை இடுப்பை உரசும்போது பந்தை விடு.
5. விட்ட பிறகும் கை போகட்டும். பிடித்து நிறுத்தாதே.

ஐந்தாவதை நான் முடிப்பதற்குள் அவள் மேகி சாப்பிட்டு, தட்டையும் கழுவிவிட்டாள். "தாத்தா, இன்னும் அஞ்சுலயா இருக்கீங்க?"

19-ஆம் தேதி தேர்வு. பிட்சருக்கு இரண்டு இடம், மூன்று பேர். இடம் கிடைக்காதவள் வெளி மைதானத்தில் போய் நிற்க வேண்டியதுதான். ஒரு வருஷமாக இவள் பந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

இன்று 33. "சூப்பர்மா" என்றேன். எல்லாப் பந்துக்கும் சொல்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

லேசாகப் புகை மூட்டம். தொண்டை கரகரப்பு. வெந்நீர்.

ஸ்கூலிலிருந்து வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில். பிறகு மெதுவாகப் பேச்சு வந்தது. மூத்த பிள்ளைகள் இவள் பந்தை அடித்துத் தள்ளிவிட்டார்களாம். ஒருத்தி, "பந்து வர்றதுக்குள்ள நான் தல சீவிடுவேன்" என்றாளாம். கோச் சொன்னாராம்: இடுப்புக்கிட்ட வரும்போது உன் கை தானா நிக்குது. அதான் வேகமில்ல, அதான் தோள் வலி.

"ஏன் நிக்குது?" என்றேன்.

"தெரியல தாத்தா." என் முகத்தைப் பார்க்காமல்.

தோளுக்கு வலி எண்ணெய். இன்று பந்து இல்லை.

ஜூலை 12, சனி

காலையிலேயே சூடு. தொப்பி மறந்தேன்.

லோஷினியின் அம்மா, என் மகள் சுமதிக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை, ஷிப்ட். அதனால் ஸ்கூல் மைதானத்துக்கு நான் கூடப் போனேன். முதல் தடவை. பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைக் கோட்டுக்குள் கத்திக்கொண்டு. அழகு.

லோஷினி போட, ஐனா என்ற மலாய்ப் பிள்ளை பிடித்தாள். முகமூடி, மார்புக் கவசம், எல்லாம் மாட்டியிருந்தாள். ஆனாலும் பந்து மெதுவாகத்தான் போனது. கோச் கொஞ்சம் யோசித்தார். ஐனாவை எழுந்து போகச் சொன்னார். "இப்ப யாரும் இல்ல. வலைய மட்டும் பாரு. போடு."

போட்டாள்.

நான் பார்த்ததே இல்லை அந்த மாதிரி. கை சுற்றியது தெரியவில்லை. வலை பின்னால் போய் உப்பியது. அடுத்தது வலைக்கும் மேலே போய்ப் பின்னாலிருந்த சாக்கடையில் விழுந்தது, வேகம் மட்டும் குறையவில்லை.

கோச் என்னிடம் வந்தார். மலாயில் பேசினார், எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன். பாக்சிக் என்றால் பெரியவரே.

"பாக்சிக், வீட்டுல யாரு பிடிக்கிறது?"

"நான்தான்."

என் இடது கையை எடுத்துப் பார்த்தார். மே மாதம் ஒரு பந்து கட்டைவிரலில் பட்டு நகம் போனது. இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது. லோஷினியிடம் கதவு இடித்தது என்று சொல்லியிருந்தேன்.

"ஆளில்லாத வலைக்கு நல்லா போடுறா. ஆளு உக்காந்தா நிறுத்துறா. அது பழக்கமாயிடுச்சு," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

31. 33. எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன். எல்லாம் எனக்காக நிறுத்திய கை. ஒவ்வொன்றுக்கும் சூப்பர் வேறு.

பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கிப்போனாள். பந்து பையிலிருந்து உருண்டு டிரைவர் பக்கம் போய்விட்டது.

ஜூலை 13, ஞாயிறு

கா. வகுப்பு. மா. தூறல்.

"இனிமே நான் பிடிக்கல," என்றேன்.

"போரடிக்குதா தாத்தா?"

"இல்லம்மா. என் கைக்குப் பயந்துதான் நீ நிறுத்துற."

சண்டைக்கு வந்தாள். கதவு கதை முதல் நாளே தெரியுமாம். "நான்தான் பாத்தேனே, கிளவ் கழட்டும்போது ரத்தம். அம்மா அன்னிக்கே சொன்னாங்க, இனி தாத்தாகூட வெளையாடக் கூடாதுன்னு. அப்புறம் யாரு எனக்குப் பிடிப்பா? நான் அம்மா கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன். மெதுவாத்தான் போடுவேன்னு."

மே, ஜூன், ஜூலை. மூன்று மாதம் அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு, தோள் வலிக்க வலிக்க, தினமும் நாற்பது பந்து. நான் வாளியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு.

"சத்தியத்த மீறினா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நானும் கொஞ்சம். அவள் பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தெளிவான வானம்.

வேலைகள்: மெத்தை கீழே இறக்கியது. நைலான் கயிறு. வெள்ளை டேப்பில் மெத்தை நடுவே சதுரம்.

பழைய மெத்தையை இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்திக் கட்ட முனியாண்டிதான் உதவி. "மனுசன் படுக்க மெத்த இல்ல, பந்து படுக்க மெத்த," என்று முனகிக்கொண்டே நல்ல முடிச்சாகப் போட்டான்.

லோஷினி போட்டாள். கை நின்றது. மறுபடி. நின்றது. சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது.

சுமதியை ஐந்தரைக்குக் கீழே வரச் சொல்லியிருந்தேன். வேலைச் சட்டையோடு, கழுத்தில் பாஸ் தொங்க வந்தாள். நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் முகம் சரியில்லை. "உன் தோளு வலிக்கும்னு நான் நெனச்சேனா பாப்பா? தாத்தா கையத்தான பாத்தேன்."

"சத்தியம் சத்தியம்தானேம்மா."

"கைய நீட்டு."

நீட்டினாள். சுமதி தன் உள்ளங்கையால் அதில் ஓங்கி ஒரு அடி. "இந்தா. குடுத்தது திரும்பி வந்துடுச்சு. என்கிட்ட ஒண்ணும் இல்ல. தாத்தாவுக்கும் ஒண்ணும் ஆகாது."

"சாமி ஒத்துக்குமா?"

"வாங்கினது நான். திருப்பிக் குடுக்கறதும் நான். சாமிக்கு இதுல என்ன வேல?"

முனியாண்டி சாட்சி. தலையாட்டினான், கோர்ட்டில் நிற்கிற மாதிரி.

நான் மெத்தைப் பக்கம் நின்றால் அவள் கண் என் மேலேயே வருகிறது. அதனால் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். முதுகு, ஜடை, தோள். இத்தனை நாள் முன்னாலிருந்தே பார்த்தவனுக்கு இது வேறு பிள்ளை.

கை சுற்றியது. இடுப்பை உரசியது. நிற்கவில்லை.

மெத்தையில் அந்தச் சத்தம். மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

40 பந்து. சதுரத்துக்குள் 9. சுவரில் பல. முனியாண்டியின் மோட்டார் சைக்கிள் சீட்டில் ஒன்று. ("பரவால்ல போடு, பழைய சீட்டுதான்.") இதுவரை எழுதியதில் மிகச் சின்ன எண். பெரிதாக எழுதினேன்.

ஜூலை 17, வியாழன்

மழை நின்ற பிறகு ஈரத் தரை. பின்னங்கால் வழுக்கியது, அதனால் 25 மட்டும். சதுரத்துக்குள் 11. தோள் வலி குறைவு என்கிறாள். மெத்தையில் ஒரு பக்கம் கிழிந்து பஞ்சு வெளியே. சுமதி தைக்கிறேன் என்றாள்.

நான் பின்னால் நின்று எண்ணுகிறேன். சூப்பர் சொல்வதை விட்டுவிட்டேன். நேற்று அவளே கேட்டாள், "ஏன் தாத்தா இப்ப ஒண்ணும் சொல்ல மாட்றீங்க?" பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோகிறது என்றேன். உண்மைதான்.

ஜூலை 19, சனி

கா. 8, மைதானம். தொப்பி, தண்ணீர், பிஸ்கட், நோட்டு. சுமதி லீவு போட்டு வந்தாள்.

தேர்வு. டீமையே இரண்டாகப் பிரித்து ஆட்டம். லோஷினி போட்டபோது எனக்கு உட்கார முடியவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டேன். முதல் பிள்ளைக்கு நாலும் வெளியே. அப்படிப் போனால் அடிக்காமலே முதல் தளம் கிடைக்குமாம்; அந்தப் பிள்ளை சும்மா நடந்தே போய்விட்டது. இரண்டாவதுக்கும் அப்படியே. சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். "ப்பா, சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"நடக்குதுங்க. எல்லாம் நடக்குதுங்க."

மூன்றாவது வந்தது அந்தத் தலை சீவுகிறேன் என்றவள். பெரிய பிள்ளை, உயரம். ஒரு வீச்சு, காற்று. இரண்டு, காற்று. மூன்றாவது பந்து அவள் மட்டையை அசைப்பதற்கு முன்பே ஐனாவின் கிளவ்வில். அவுட். அதற்கப்புறம் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி அடித்தாள், பந்து காலடியிலேயே செத்து விழுந்தது. அதை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்ததும் லோஷினிதான்.

கோச் பெயர் படித்தார். முதல் பிட்சர் இவளைவிட இரண்டு வயது மூத்த, படிவம் 3 பிள்ளை. இரண்டாவது லோஷினி. நோட்டில் அங்கேயே எழுதிக்கொண்டேன், வேலிக் கம்பி மேல் வைத்து. அதனால் அது இன்னும் கோணல்.

ஒன்று எழுத விட்டுப்போனது. தலை சீவுகிறவள் போன பிறகு ஐனா கிளவ்வைக் கழற்றிக் கையை உதறினாள். உள்ளங்கை சிவப்பு. லோஷினி ஓடினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம். இனி நிறுத்திவிடுவாள் என்றே நினைத்தேன்.

"சாக்கிட்?" என்று கேட்டாள். வலிக்குதா என்று.

"சாக்கிட் லா," என்றது அந்தப் பிள்ளை, முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு. "இன்னும் போடு."

போட்டாள்.

அடுத்த சனி டெங்கிலில் ஆட்டம். பஸ் கா. 6.30. போய்வந்து எழுத இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.