ராகுகாலத்துக்கு முன் பூட்டிய கிளச்

ஐப்பசி 9, வெள்ளி

எங்கள் பழைய டிராக்டரின் கிளச் தட்டை மெக்கானிக் முன்பின்னாகத் திருப்பிப் பூட்டியதைக் கண்டு, உடனே சொன்னேன்.

"பத்தரைக்கு ராகுகாலம். குறுக்கை கதையாதை, பிள்ளை," என்றார் அப்பா.

மெக்கானிக் சிரித்தார். "தங்கச்சி எங்கையோ புத்தகத்திலை படிச்சிருக்கிறா."

ஓம், படித்தேன். டிராக்டரோடு வந்த கைநூலில்தான்.

பத்தேகாலுக்கு இயந்திரத்தை இயக்கினார்கள். கிளச்சை எவ்வளவு மிதித்தும் கியர் விழவில்லை, உள்ளே பல் அரைபடும் சத்தம்தான் வந்தது. நல்ல சகுனத்துக்கென்று சில்லுக்குக் கீழே வைத்த தேசிக்காய் நசியாமல் முழுதாகக் கிடந்தது. தட்டைத் திருப்பிப் பூட்ட டிராக்டரை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெருமழைக்கு முன் உழுது விதைக்காவிட்டால் இந்தப் போகம் போய்விடும்.

இப்போது அப்பா, கழற்ற நல்ல நேரம் பார்ப்பதற்குப் பஞ்சாங்கத்தைத் தேடுகிறார். அது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. விடியும்வரை தேடட்டும்.