ஆணி அடிக்காத வரிசை

இன்று காலை, புதிய உணவுக்கூடத்தின் கூரைக்கு வந்திறங்கிய நீர்காப்பு விரிப்புச் சுருள்களில் ஒன்றைப் பிரித்தார்கள். வெயில் பட்டதும் அந்தத் தார் வாசனை எழுந்தது. மேஸ்திரி, நீங்கள் காய்ச்சலில் இறந்துபோய் நாற்பது நாள் ஆகிறது. இந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலனாக நான் உங்களுக்கு எழுதியவை எல்லாம் எச்சரிக்கைக் கடிதங்களே. இது மட்டும் வேறு.

நம் இருவருக்கும் ஒரே வயது. முந்தைய கூரை வேலையில், கூரைப் பலகையின் மேல் இந்த விரிப்பை எப்படி இட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கீழ் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசையின் மீது ஏறி உட்கார வேண்டும். அகலத் தலையுள்ள தொப்பி ஆணிகளை அளந்த இடைவெளியில் அடிக்க வேண்டும். பனி ஈரம் காயும் வரை யாரும் ஏறக்கூடாது. அவை எல்லாவற்றையும் நீங்கள் முன்பே செய்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் காலைக் கூட்டத்தில் தரையைப் பார்த்து நின்றவர்கள், கூரையில் நீங்கள் மெல்லச் செருமினாலே எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

மேலே இரண்டு ஆணி மட்டும் தட்டி, மீதியை அடிக்காமல் விட்ட வரிசையின் மேல் உங்கள் சிவப்புத் துண்டை விரித்து, சுத்தியலைப் பாரமாக வைப்பீர்கள். துண்டு கிடந்தால் யாரும் அந்த வரிசையில் கால் வைக்கமாட்டார்கள். இந்த வழக்கத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன்.

"உங்க பேப்பரு நனைஞ்சா கிழிஞ்சி பூடும் சார். என் துண்டு நனைஞ்சா புழிஞ்சி தோள்ல போட்டுக்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு நாள் மதியம், அனைவரும் சாப்பிட இறங்கிய பிறகு ஆய்வுக்கு ஏறினேன். கூரையில் கட்டப்படாத பொருள் எதுவும் கிடக்கக்கூடாது என்பது விதி. ஏணியில் நின்றபடியே எட்டித் துண்டையும் சுத்தியலையும் எடுத்தேன். துண்டை மடித்துக் கீழே கருவிப் பெட்டியில் வைத்தேன். அதன் பொருள் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு நானே பலகாலம் சொல்லிக்கொண்டேன். வந்தது, மேஸ்திரி.

சாப்பாடு முடிந்து உங்கள் ஆட்களில் ஒருவரான தேவராஜ் முதலில் ஏறினார். துண்டு இல்லை, கால் வைத்தார். விரிப்பு அவரோடு சேர்ந்து விளிம்பு வரை சறுக்கியது. இடுப்புப் பட்டையின் கயிறுதான் இழுத்துப் பிடித்தது. தோள்மூட்டு விலகியதோடு தப்பினார். அந்தப் பட்டையைக் கட்டாயமாக்கியவன் நான். மருத்துவமனையில் மயக்க மருந்து தெளிந்ததும் அவர் தேடியது உங்களை.

துண்டை எடுத்தது யார் என்று மேலாளர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

"நான்தான் சார். சாப்புடுற அவசரத்துல எடுத்துக்கினு எறங்கிட்டேன்" என்றீர்கள்.

அறிக்கையில் அதையே எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் முதல் உங்களை வாயிலுக்குள் விடவில்லை.

ஒரு வாரம் கழித்து, கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் உங்களைப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"மடிப்பப் பாத்தப்பவே தெரிஞ்சிக்கினேன். எங்காளுங்கள்ல எவன் சார் துண்ட அப்டி மடிப்பான்? உங்களுக்கு இந்த வேல பூட்டா வேற இன்னா தெரியும்? எனுக்கு எளாவூராண்ட எதுனா கெடைக்கும்."

டீயையும் நீங்களே வாங்கித் தந்தீர்கள். நன்றி தோன்றியிருக்க வேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரக்கப்படுவதிலும் என்னை முந்திக்கொண்டீர்களே.

இன்று அந்தச் சுருளின் அருகே நிற்க முடியவில்லை. எடுத்தவன் நான் என்று எழுதி மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். என் வேலை போகலாம். பிறகு ஆட்களைக் கூட்டி, டீக்கடையில் நீங்கள் சொன்னதையும் சேர்த்து வாய்விட்டும் சொன்னேன். முதல் முறையாக எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தேவராஜ் பக்கத்தில் நின்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு பூட்டாரு பாரு. அதான்டா மேஸ்திரி."

ஒப்புக்கொண்டவன் நான், நல்ல பெயர் மறுபடியும் உங்களுக்கு. பழியை நீங்கள் ஒருமுறை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். இந்தப் பொறாமையை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதை நானே சுமக்கிறேன்.