குளிர்காற்றுக்குக் கூலி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படி அழைக்க எனக்கு உரிமை இல்லை. வேறு எப்படி அழைப்பதென்றும் தெரியவில்லை. உங்களை விட்டு வந்தவரோடு பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்துகிறவள் எழுதுகிறேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அந்தப் பழைய காரை விட்டால் வேறு எதிலும் ஏற மாட்டேன் என்கிறார். "வாடகைக் கார்ல பொணமாத்தான் போவேன்" என்று கத்துகிறார். நான்தான் ஓட்டுகிறேன். அதில் ஏசி இல்லை. வெயிலில் சிக்னலில் நின்றால் அவருக்குத் தலை தொங்கிவிடுகிறது.

எஞ்சின் மாற்றிய வண்டி, ஏசிக்கு இடமில்லை என்று பட்டறைகளில் கையை விரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "இந்தக் காருக்கு முதல்ல ஏசி போட்டதே ஒரு அம்மாதான், அவங்களையே கேளுங்க" என்று உங்கள் விலாசம் தந்தார். அதில் உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் ஏசி மெக்கானிக் என்று இவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

முடியாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவர் வீட்டிலிருந்து

மார்ச் 9

கார்க்காரர் மனைவிக்கு,

அக்கா என்று எழுத வேண்டாம். நமக்குள் இருக்கும் உறவுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. சத்தமாகச் சொன்னால் பட்டறையே சிரிக்கும்.

அந்த எஞ்சின் பழுதாகிவிட்டதாக உங்களிடம் சொல்லியிருப்பார். ஒரு பழுதும் இல்லை. அதை இறக்கிச் சரிசெய்து ஏற்றியவள் நான். என்னை விட்டுப் போகும்போது, என் கை பட்டது எதுவும் தன்னோடு வரக்கூடாது என்று அதைக் கழற்றிவிட்டு ஏதோ வேன் எஞ்சினைத் தூக்கி வைத்தார். ஏசியின் கம்ப்ரஸர் பழைய எஞ்சினில்தான் இருந்தது. அதோடு சேர்ந்து அதுவும் போயிற்று.

வெயிலில் வேகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோதும் அதேதான் தோன்றியது.

ஒன்று மட்டும் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் இடது பக்கம் கையை விட்டால் ஒரு தகரப் பெட்டி தட்டுப்படும். காற்றைக் குளிர்விப்பது அதுதான். அதை எடுக்க டாஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும். அவ்வளவு பொறுமை அவருக்குக் கிடையாது. இருக்கிறதா என்று எழுதுங்கள்.

ஏசி பட்டறை

மார்ச் 14

அக்கா,

கோபித்துக்கொள்ளுங்கள், பேனாவுக்கு அப்படித்தான் வருகிறது.

பெட்டி இருக்கிறது. கையைக் கீறிவிட்டது. நேற்று வரும் வழியில் அவர் காரிலேயே மயங்கிவிட்டார். நடுரோட்டில் கதவைத் திறந்து வைத்துச் செய்தித்தாளால் விசிறினேன். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டார்கள். உங்கள் கூலி எதுவானாலும் தருகிறேன்.

அவர் வீட்டிலிருந்து

மார்ச் 18

கார்க்காரர் மனைவிக்கு,

பணம் வேண்டாம். காரை நீங்களே ஓட்டி வாருங்கள். அவர் வரக்கூடாது.

குளிர்காற்று அவர் முகத்தில் பட்டதும், செய்தது யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதுதான் கூலி. என் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே "இவ கை வச்சா காத்து வரும், குளிர் வராது" என்று சிரித்த மனிதர் அவர். பாராட்ட வேண்டாம். தெரிந்தால் போதும்.

சம்மதமென்றால் கிளம்புங்கள்.

ஏசி பட்டறை

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் காரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்களுக்கு நான் விளக்குப் பிடித்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "என் கண்ணுல அடிக்காத, வேலைல அடி" என்று அதட்டினீர்களே, எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு இரும்பில் செய்து, அந்தச் சின்னக் கம்ப்ரஸரை எஞ்சின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். பெல்ட் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்று மறுபடியும் மறுபடியும் கழற்றி மாட்டினீர்கள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

நேற்று ஆஸ்பத்திரி போய்வந்தோம். காற்று வரும் இடத்தில் விரலை வைத்தபடி வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அப்படியே தூங்கியும் போனார். அவர் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா!

உங்கள் கை நன்றாக இருக்கட்டும்.

தங்கை

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

கை அப்படி எழுதிவிட்டது, அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் திணறினால் எழுது. ஏசியின் சுமை அந்த வேன் எஞ்சினுக்குப் பழக்கமில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

விரல் வைத்ததையும் தூங்கியதையும் எழுதினாய். சொன்னாயா என்று எழுதவில்லையே. என்ன சொன்னார்? திட்டியிருந்தாலும் அப்படியே எழுது.

அக்கா

ஏப்ரல் 20

தங்கச்சி,

பதில் காணோம். சொன்னாயா?

அக்கா

மே 11

அக்கா,

அவர் போன வாரம் போய்விட்டார். ஆஸ்பத்திரியில்தான். கஷ்டப்படவில்லை.

நான் சொல்லவில்லை.

அன்று காற்று பட்டதுமே, "யாரு பண்ணினது? நல்ல ஆளாப் பிடிச்சிருக்க. முன்னாடி ஒருத்தி பண்ணினா, வெறும் காத்துதான் வந்துச்சு" என்றார். வாய் வரை வந்தது. ஆனால், "ஒரு பட்டறைக்காரர்" என்றுதான் சொன்னேன். தெரிந்தால் காரை விட்டு இறங்கிவிடுவார், ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே போயிற்று. உங்கள் கடிதங்களைப் பிரிக்கவும் பயந்தேன்.

மன்னித்துவிடுங்கள். கார் உங்களுக்கே சேரட்டும். இந்த வீட்டில் பேச ஆளில்லை. ஒருமுறை வாங்களேன்.

தங்கை

மே 19

அம்மணிக்கு,

செய்தி கிடைத்தது. அழுகை வருமா என்று ஒரு நாள் முழுவதும் காத்துப் பார்த்தேன். வரவில்லை.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி நம்புகிறேன். மீதியும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவர் என்னை நினைத்திருப்பார். திட்டிக்கொண்டாவது நினைத்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு அது எப்படித் தாங்கும்? மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எவள் பங்கு கொடுப்பாள்?

உங்கள் இடத்தில் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

கார் வேண்டாம். நான் வரவும் மாட்டேன். ஏசியில் குளிர் குறைந்தால் வேறு பட்டறை பாருங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஏசி பட்டறை