வேணு வண்டியின் எஞ்சின்

ஊரிகம்
14-8-1967

அன்பு மகள் சௌந்தரத்துக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பத்மாவும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், துர்காபூரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. அம்மா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தம்பி உயிர் போன டாக்சியின் எஞ்சினைக் கழற்றி நம் மோரிஸ் காரில் மாட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன், அது நிஜமானால் தீபாவளிக்கு வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நிஜம்தான். மாட்டியாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

நீ காரியம் முடிந்து ஊருக்குப் போன பிறகுதான் போலீசார் வேணுவின் பியட்டை விட்டார்கள். இழுத்து வந்து வீட்டுச் சந்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அவன் பேத்தமங்கலம் ரோட்டில் ஓரமாக நிறுத்தி, பின்னால் ஸ்டெப்னி எடுத்துக்கொண்டிருந்தபோது லாரி மோதியது என்பது உனக்குத் தெரியும். அதனால் பின்பக்கம் முழுவதும் நசுங்கியிருந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர் பெங்களூரிலிருந்து வந்து பார்த்தார். பாடி தகரத்துக்குத்தான் போவும், எஞ்சினை மட்டும் உங்க ஆண்டர்சன்பேட்டை டாக்சிக்காரரே ஒருத்தர் கேட்டுக்கினு கீறார் என்றார். அன்றெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் சின்னது. அந்த எஞ்சின் வேறு யாருடைய வண்டியிலோ உட்கார்ந்து தினமும் நம் வாசல் வழியாகப் போய் வரும். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துப் பழகியவள் உன் அம்மா. எஞ்சினைக் கொடுக்க முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரத் தொரைகள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது நான் வாங்கின மோரிஸ் வேறு, புகை கக்கி ஆயிலைக் குடித்து, மழைக்காலத்திலிருந்து நின்றே கிடந்தது. அதற்கும் ஓர் எஞ்சின் வேண்டியிருந்தது.

வேணுவின் பொருள் பத்மாவுடையது, அவளைக் கேட்காமல் எதுவும் செய்யவில்லை. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, எஞ்சின் இன்னா மாமா பண்ணுச்சு, லாரிக்காரன்தானே பண்ணான் என்றாள். மிச்சத் துணியையும் போட்டு முடித்துவிட்டு, மாட்றதுன்னா சீக்கிரம் மாட்டுங்க, அந்தத் தார்ப்பாயைத் தெனம் பாத்துக்கினு என்னால இருக்க முடியாது என்று சொல்லி உள்ளே போனாள். கோலார் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து கையெழுத்தும் போட்டாள்.

மெக்கானிக் இன்பராஜை உனக்குத் தெரியும், வேணுவோடு சுற்றிக்கொண்டிருந்தவன். அண்ணன் வண்டியில நான் ஸ்பேனர் வெக்க மாட்டேன், வேற ஆளைப் பாருங்கப்பா என்றான். மறுநாள் காலையில் கூப்பிடாமலே பெட்டியோடு வந்து நின்றான். எஞ்சின் பியட், கியர் பாக்ஸ் மோரிஸ், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் வைக்க ஓர் இரும்புத் தட்டு கடைய வேண்டும் என்றான். மைன் வொர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி ரிட்டயரான ஹரோல்ட் கடைந்து கொடுத்தார். என்னா மேன் ராஜமாணிக்கம், இத்தாலிக்காரிக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் கல்யாணம் பண்ணி வெக்கிறே, டெய்லி சண்டைதான் பாரு என்றார். இன்பராஜ் சிரித்தான், நானும் சிரித்தேன் போலிருக்கிறது. எஞ்சினைத் தாங்குகிற இரும்புக் கட்டைகளைப் புதிதாக வெல்டு வைத்தோம், விசிறி இடித்ததால் ரேடியேட்டரை முன்னால் தள்ளினோம். எனக்கு அந்த வேலை நன்றாக இருந்தது. எந்த நட்டு எதற்கு என்பதைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. நீ அம்மாவைக் கேட்டிருந்தாயே நைனா அழுதாரா என்று. இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அழுகை வரவில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது பார்க்க வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட உள்ளே போனேன். சைலன்சர் வேறு என்றாலும் சத்தம் அதேதான். அடுப்பில் தோசைக்கல் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். பிறகு துணியால் பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நான் முப்பது வருஷம் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சினில் உட்கார்ந்து ஷாஃப்டில் ஆட்கள் நிற்கிற கேஜ் கூண்டை ஏற்றி இறக்கினவன். செத்தவரை மேலே கொண்டுவந்த நாட்களும் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆட்கள் அதே கேஜில்தான் இறங்குவார்கள். அதற்கு முன்னால் ஆள் ஏற்றாமல் ஒரு தரம் அடிவரை விட்டு மேலே எடுப்போம், அவ்வளவுதான். அதே மாதிரி மோரிஸையும் தனியாக ராபர்ட்சன்பேட்டை வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். பக்கத்து வீட்டு சரோஜம்மா வாசலில் நின்றுகொண்டு, இன்னா அண்ணே, காலியா போயி காலியா வர்றீங்க, சவாரி கெடைக்கலியா என்றாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் ஏறவில்லை, நானும் யாரையும் ஏறச் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் அடித்துக் கண் செருகியது. பத்மா குழந்தையின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜட்கா கூப்பிட நான் செருப்பைத் தேடுகிறேன், உன் அம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் போய் மோரிஸின் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறீங்க, ஓட்டுங்க என்றாள். பத்மாவும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கியது, இப்போது நன்றாக விளையாடுகிறது, பயப்படாதே. வீட்டுக்கு வந்ததும் பத்மா குழந்தையோடு உள்ளே போனாள். அம்மா இறங்கி வண்டியின் முன்பக்கம் போய் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடா கீது என்றாள். ஆமாம் என்றேன். சூடு ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. நானும் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

இதுதான் நடந்தது. நான் செய்தது சரி என்று உன்னைச் சொல்லச் சொல்லவில்லை. தீபாவளிக்கு நான் ஊரிகம் ஸ்டேஷனில் காரோடு நிற்பேன். ஏற மனமில்லை என்றால் ஜட்கா பேசி வைக்கிறேன், அம்மாவும் உன்னோடு அதிலேயே வருவதாகச் சொல்லிவிட்டாள், பெட்டிகளை மட்டும் நான் கொண்டு வருகிறேன். கோபம் இருந்தால் வந்து கோபித்துக்கொள். வராமல் மட்டும் இருந்துவிடாதே அம்மா. எங்களுக்கு இனி வரக்கூடிய பிள்ளை நீ ஒருத்திதான்.

டிக்கெட்டை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல், பண்டிகைக்கு முன் இடம் கிடைக்காது. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு
உன் நைனா
ராஜமாணிக்கம்